ஒரு டீக்கனும் ஒரு பீடி வீடும்: நெல்லைச் சீமையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கிறிஸ்தவக் கோயில்களில் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்து அசனம் (சபை விருந்து) நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். சோறு போட ஒருவர், குழம்பு ஊற்ற ஒருவர். இவர்களுக்குப் பின்னால் கையில் வாளி எதுவும் இல்லாமல் ஒருவர் நடந்து வருவார். எந்த இலை காலியாகக் கிடக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கறி வரவில்லை, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கேட்கக் கூச்சப்படுகிறாளா என்று பார்த்து, "ஏ, இங்க ஒரு கை சோறு கொண்டா" என்று குரல் கொடுப்பார். இதற்குப் பெயர் பந்தி விசாரிப்பது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்து ஒப்படைத்த வேலைக்கும் தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது: பந்தி விசாரணை. அங்கேயும் விட்டுப்போனவர்கள் விதவைகள்தான்.

டீக்கன் என்ற பணியின் தொடக்கமாகச் சபை அந்த ஏழு பேரைச் சொல்லிவருகிறது. ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் ஒரு டீக்கன் செய்த விசாரிப்பையும், அது எங்கே அறுந்துபோனது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நான் அந்தச் சபைக் கமிட்டியில் பொருளாளராக இருந்தவன். சமூகப் பணி படித்தவன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். அந்தக் குடும்பத் தலைவியை அக்கா என்றே சொல்கிறேன். டீக்கனும் அப்படித்தான் கூப்பிட்டார்.

டீக்கன் யார், என்ன வேலை

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இறையியல் படித்து, ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாராகவோ சபை ஊழியராகவோ சில காலம் இருந்து, அப்புறம் டீக்கன் பட்டம் பெறுவார்கள். உதவிக்குரு என்றும் சொல்வோம். திருவிருந்தில் உதவி செய்யலாம், தாமே நடத்த முடியாது. சில காலம் கழித்து முழுக் குருப்பட்டம் கிடைத்துவிடும். அதனால் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு டீக்கன் என்றால் "சின்ன ஐயர்" (ஐயர் என்றால் எங்கள் பக்கத்தில் குருவானவர்), இன்னும் பட்டம் முழுசாக ஆகாதவர். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தொண்டர் என்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் மணமானவர்களும் நிரந்தரத் திருத்தொண்டராக இருக்க வழி திறந்தது. ஆனாலும் நம் பக்கத்துப் பங்குகளில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையை வின்சென்ட் தே பவுல் சபையார் செய்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1947இல் சி.எஸ்.ஐ. உருவாகும் முன் திருநெல்வேலி ஆங்கிலிக்கன் திருமண்டலமாக இருந்தபோது டீக்கன் அபிஷேகத்துக்கு இருந்த முறைமை 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் உள்ளது. நோயாளிகளையும் ஏழைகளையும் இயலாதவர்களையும் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் நிலைமை, பெயர், குடியிருக்கும் இடம் ஆகியவற்றைக் குருவுக்குத் தெரிவிப்பது டீக்கனின் கடமை என்கிறது அது. கொடுப்பது அப்புறம். முதலில் தேடுவது, பெயரும் வீடும் குறித்துக்கொள்வது.

நெல்லைச் சபைக்கு இது புதிதும் இல்லை. பாளையங்கோட்டையில் 1780இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். அவற்றில் முதல் பெயர் ஒரு விதவையுடையது: கிளாரிந்தா. 1785இல் அங்கே கோயில் கட்டுவித்தவரும் அவர்தான். பிறகு மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், விசுவாசத்துக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களைக் குடியமர்த்த 1830இல் தர்ம சங்கம் தொடங்கி நிலம் வாங்கினார்கள். எந்த ஊரில் யாரை விரட்டினார்கள், யாருக்கு வீடில்லை என்று நடந்து போய் அறிந்து வந்து சொல்லும் உபதேசிமார் இல்லாமல் அந்த நிலத்தில் யாரைக் குடியேற்றியிருக்க முடியும்?

நாங்கள் செய்த தவறு

அக்காவுக்கு அப்போது 42 வயது. பீடி சுற்றுகிறவர். கணவர் கொத்தனாருக்குக் கையாளாகக் கேரளத்தில் கொல்லம் பக்கம் வேலைக்குப் போய்வந்தார். 2023 ஜனவரியில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு, கண் சரியாகத் தெரியாத மாமியார்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. சபையும் வந்தது. கமிட்டியில் பேசி ஏழைகள் நிதியிலிருந்து 2,000 ரூபாயும் ஒரு சிப்பம் அரிசியும் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் உதவி பெற்றவர்கள் பட்டியலோடு அவர் பெயரையும் வாசித்தோம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். வாசித்த தாளை எழுதியவன் நான். இரண்டாவது வாரம் அவர் வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் வரவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். எட்டு மாதம் அப்படியே போனது.

2023 செப்டம்பரில் புது டீக்கன் வந்தார். வயது இருபத்தொன்பது. முதல் மாதம் அவர் ஒரு வேலைதான் செய்தார். சபைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, யார் கோயிலுக்கு வருவதில்லை என்று உபதேசியாரிடம் கேட்டு, ஒரு நீள நோட்டில் எழுதினார். பீடிக் கடைக்கும் போய் நின்றார். எங்கள் ஊரில் ஒரு வீட்டின் நிலைமை கோயிலுக்குத் தெரியும் முன்னால் பீடிக் கடைக்குத் தெரிந்துவிடும். வாரம் நாலாயிரம் பீடி கொண்டுவந்தவள் இரண்டாயிரம் கொண்டுவந்தால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அக்காவின் பெயர் அந்த வழியாகத்தான் நோட்டில் ஏறியது.

திண்ணையில் நடந்தது

இளவயது டீக்கன் ஒரு விதவை வீட்டுக்குத் தனியாகப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. பாதிக்கப்படுவது அவர் இல்லை, அந்த அக்கா. ஆகவே அவர் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். அறுபத்தைந்து வயதுக்காரர். ஊரில் பாதிப் பேருக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவர்.

முதல் தடவை அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். டீக்கன், "வேலையை விடாதீங்க அக்கா, நாங்க இப்படி உக்காருதோம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் சொளகு. ராத்திரி நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரித்து அடுக்கியிருந்தார். இடது கையில் இலை, வலது கை விரல்களால் ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, முனை மடிப்பு, நூல் சுற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று முடிந்து அடுத்தது. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். பேச்சுக்காகக் கை நின்றால் அன்றைய கூலி குறையும். போய்ப் பார்க்கிறவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். விசாரிக்கப் போகிறோம் என்று அரை மணி நேரம் ஒருவரை எழுப்பி நிறுத்தி ஜெபம் செய்துவிட்டு வந்தால், அவருக்கு ஒரு கட்டு நஷ்டம் பண்ணிவிட்டு வருகிறோம்.

மூன்றாவது தடவையில்தான் அக்கா பேசினார். அதுவும் டீச்சரிடம், டீக்கனைப் பார்க்காமல். "என் பேர வாசிச்சாவ டீச்சர். எம் மவ பக்கத்துல இருந்தா. அவ தலையக் குனிஞ்சவ நிமுரவே இல்ல." டீக்கன் அதை என்னிடம் வந்து சொன்னபோது அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்காவது தடவை ஒரு துணிப்பை வெளியே வந்தது. அதில் இருந்தவை கடன் அட்டைகள், கணவரின் ஆதார், பிரேதப் பரிசோதனைத் தாளின் நகல், ஒப்பந்ததாரர் கையெழுத்து வாங்கிய ஒரு வெள்ளைத் தாள். அந்தத் தாளுக்குப் பதிலாக அவர் கொடுத்தது 50,000 ரூபாய். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பணத்தில் பாதி ஆம்புலன்சுக்கும் அடக்கச் செலவுக்கும் போய்விட்டது.

வரவு செலவு இப்படி: பீடியில் வாரம் ஆயிரத்துச் சொச்சம். மூன்று குழுக் கடனுக்கு மாதத் தவணை சேர்த்து 4,600 ரூபாய். அதற்கு மேல் கைமாற்றாக வாங்கிய 30,000க்கு நூற்றுக்குப் பத்து வட்டி, மாதம் 3,000. சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்காமலே வரவைவிடச் செலவு மூவாயிரம் கூட. மகள் பள்ளி முடிந்து வந்து இரவு பதினொரு மணிவரை கூடச் சுற்றினாள்.

இந்த மாவட்டத்தில் கடன் என்ற பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2017 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். துணிப்பையைப் பார்த்துவிட்டு டீச்சர் வெளியே வந்து சொன்னது ஒரு வார்த்தைதான்: "ஐயரே, இத நாளைக்குன்னு தள்ளக் கூடாது."

செய்தவை

டீக்கன் சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் படிக்கத் தெரியும், கேட்கத் தெரியும், திரும்பத் திரும்பப் போகத் தெரியும். இந்த மூன்றுமே பாதிக் காரியத்தை முடித்தன.

குழுக் கடன் அட்டைகளை வரி வரியாகப் படித்தபோது, இரண்டு கடன்களில் பணம் கொடுக்கும்போதே காப்பீட்டுக்கு ஒரு தொகை பிடித்திருந்தது தெரிந்தது. கணவன் மனைவி இருவர் பெயரும் காப்பீட்டில் இருந்தன. அதாவது கணவர் இறந்த அன்றே பாக்கியைத் தள்ளுபடி செய்ய விண்ணப்பித்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை, அக்கா எட்டு மாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தார். எழுத்து மூலம் கேட்டதில் ஒரு கடன் முடிக்கப்பட்டு, அதிகம் கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்ப வந்தது. இன்னொன்று தாமதம் என்று சொல்லி இழுத்தடித்தார்கள். மூன்றாவதில் காப்பீடே இல்லை. அதன் வசூல்காரர் இரவு ஏழரைக்கு வந்து திண்ணையில் உட்காருவதை டீச்சர் நிறுத்தினார். மாலை 6 மணிக்கு மேலும் காலை 9 மணிக்கு முன்பும் நுண்கடன் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. அதைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி வாசல் பக்கம் தொங்கவிட்டார். சண்டை போடவில்லை.

இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார்கள். பெண் என்றால் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இருக்கிறது. வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது: வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள், அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி செல்லாது. விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும், குடும்பம் குடியிருக்கும் பகுதியின் இழப்பீட்டு ஆணையர் முன் மனுப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொல்லத்துக்கு அலைய வேண்டுமே என்ற பயத்தில்தான் அக்கா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். இறப்புச் சான்றை அங்கிருந்து வாங்க மட்டும் டீக்கன் ஒரு தடவை செங்கோட்டை வழியாக ரயிலில் போய்வந்தார்.

வாரிசுச் சான்றிதழ் ஒரு சின்னச் சிக்கலில் நின்றது. அக்காவுக்கு மூன்று பெயர்: வீட்டில் கூப்பிடுவது ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஞானஸ்நானப் பெயர். நம் பக்கத்தில் பல குடும்பங்களில் இந்தக் கூத்து உண்டு. கோயில் பீரோவில் இருந்த திருமணப் பதிவேட்டின் நகலை வைத்து விளக்கம் எழுதிக் கொடுத்ததும் கிராம நிர்வாக அலுவலர் ஏற்றுக்கொண்டார். டிசம்பர் 17, 18இல் பெருவெள்ளம் வந்து எல்லாமே ஒரு மாதம் தள்ளிப்போனது. பொங்கல் கழிந்து சான்றிதழும், அப்புறம் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாயும் கிடைத்தன.

கடினமானது அந்த 30,000. கொடுத்தவர் எங்கள் சபைக்காரர். அசனத்துக்கு வருடாவருடம் ஆடு கொடுப்பவர். கமிட்டியில் இதைப் பேசத் தயங்கினோம், நான் உட்பட. டீக்கன் தனியாகப் போனார். "ஐயரே, நீங்க கோயிலப் பாருங்க, இது எங்க கொடுக்கல் வாங்கல்" என்று பதில் வந்தது. அவர் வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்த வாரமும் போனார். அதற்கு அடுத்த வாரம் டீச்சர் போய் அந்த அண்ணாச்சியின் அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கட்டிய வட்டியை அசலில் கழித்துக்கொண்டு, மிச்சத்தை மாதம் ஆயிரமாக வாங்கிக்கொள்ளச் சம்மதம் வந்தது. நூற்றுக்குப் பத்து வட்டி வாங்குவது 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். போலீசுக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் அதே தெருவில் குடியிருக்க வேண்டியவர் அக்கா. அவர் வேண்டாம் என்றார், அவர் சொன்னபடியே விட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சரியில்லாதது கமிட்டியின் மௌனம். ஆடு கொடுப்பவரிடம் கேள்வி கேட்கத் தைரியம் இல்லாத சபை, ஏழைகள் நிதி என்று ஒரு உண்டியல் வைத்து என்ன பயன்?

அறுந்த இடம்

2024 அக்டோபரில் டீக்கனுக்குக் குருப்பட்டம் ஆனது. மாலை போட்டு, போட்டோ எடுத்து, வேன் வைத்து அனுப்பினோம். வேறொரு தூரத்துச் சேகரத்துக்கு (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பகுதி) மாற்றல்.

நோட்டு அவரோடு போய்விட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அது அவர் சொந்த நோட்டு, புத்தகப் பெட்டிக்குள் கிடந்தது. வழக்கறிஞரிடம் இருந்தது அவருடைய கைபேசி எண். ஆணையர் அலுவலகக் கடிதத்துக்குக் கொடுத்திருந்த முகவரி குருமனை. புதிதாக வந்த குருவானவர் வீட்டில் அந்தக் கடிதம் பழைய பத்திரிகைகளோடு கிடந்தது. ஒரு வாய்தா தப்பிப்போனது. இரண்டாவது கடனுக்கான காப்பீட்டு விண்ணப்பத்துக்கு நினைவூட்டல் எழுத ஆளில்லை. மகனுக்குப் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைனில் பதிய வேண்டிய நாளும் கடந்தது. நான்கு மாதம் யாரும் அந்தத் திண்ணையில் போய் உட்காரவில்லை, டீச்சரைத் தவிர. அவர் போனார். ஆனால் காகிதம் எதுவும் அவரிடம் இல்லை.

இந்த ஆய்வில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். டீக்கன் பணி என்பது ஒரு ஆளின் ஒரு வருடம் என்று வைத்திருக்கிறோம். ஆணையர் முன் ஒரு மனு மூன்று வருடம் ஓடும். ஒரு பெண் பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி போய்ச் சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். பட்டம் ஏற ஏற ஆள் மாறட்டும், அது திருமண்டலத்தின் ஒழுங்கு. விசாரிப்பு ஆளோடு சேர்ந்து மாறக் கூடாது. ஞானஸ்நானப் பதிவேட்டை எந்தக் குருவும் மாற்றலில் எடுத்துக்கொண்டு போவதில்லை. இந்த நோட்டையும் அப்படி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் பட்டம் எதுவும் இல்லாத ஒரு பால்வாடி டீச்சர். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் பரிந்துரைக்கிற பெபேயாளைத் தமிழ் வேதாகமம் கெங்கிரேயா ஊர் சபைக்கு ஊழியக்காரி என்கிறது. மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது டீக்கன் என்பதற்கான அதே கிரேக்கச் சொல். எங்கள் டீச்சருக்கு இதை நான் சொன்னபோது, "அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கடிதத்த முதல்ல தேடி எடுங்க" என்றார்.

இப்போதைய நிலை

2025 மார்ச்சில் பழைய டீக்கனைப் பார்த்து நோட்டை வாங்கிவந்தோம். கமிட்டியில் தீர்மானம் போட்டு அதைச் சபையின் நோட்டாக்கினோம். பதிவேடுகள் இருக்கும் பீரோவில்தான் இருக்கிறது. சாவி ஒன்று டீச்சரிடம், ஒன்று செயலாளரிடம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: என்ன நடந்தது, எந்த அலுவலகம், யார் எண், அடுத்த தேதி. ஆராதனையில் அதிலிருந்து ஒரு வரியும் வாசிக்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதை நான்தான் எழுதினேன். உதவி பெறுவோர் பெயரை வாசிக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். கணக்கைத் தொகையாகச் சொல்கிறோம், பெயரைத் தணிக்கையாளர் மட்டும் பார்க்கிறார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பாளையங்கோட்டையில் பி.காம். சேர்ந்துவிட்டாள். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பர் கடைசியில் அப்படிப்பட்ட மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டதால் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பீடி சுற்றுவதை இன்னும் விடவில்லை, ஞாயிறு சாயங்காலம் மட்டும். இழப்பீட்டு மனு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒப்பந்ததாரர் தரப்பு இன்னும் பதில் போடவில்லை. அக்கா கோயிலுக்கு வருகிறார், மாதத்தில் இரண்டு தடவையாவது.

ஜூனில் அடுத்த டீக்கன் வந்தார். இரண்டாம் ஆராதனை முடிந்து நோட்டைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல ரெண்டாவது கடனுக்கு நினைவூட்டல் போய் பல மாசம் ஆச்சே?" என்றார். வியாழக்கிழமை டீச்சரும் அவரும் போனார்கள். அக்கா கையை நிறுத்தாமல் காலால் பலகையை நகர்த்திப் போட்டாராம்.